இரட்டையர் இருவர், தயாரிப்பாளர் நாற்காலி ஒன்று

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். நீங்களும் உங்கள் தம்பியும் இரட்டையர்; அவர் உங்களைவிட 12 நிமிடம் சின்னவர். இருவரும் பிரிஸ்பேனில் வளர்ந்தவர்கள். படமும் டிவி தொடரும் சேர்ந்து தயாரிக்க ஆசைப்படுகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் இரட்டைச் சகோதரர்கள் சேர்ந்தே சினிமா செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அவர்களுக்குள் யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள், பெயர் எப்படி வருகிறது, பணத்தில் சண்டை வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்கிற இடத்தில் இருவர் உட்கார்ந்தால் வேலை நடக்குமா? கூடப் பிறந்தது அதற்குக் கைகொடுக்குமா?

நான் மெல்பர்னில் 17 வருடமாகத் தயாரிப்புக் கணக்காளராக இருக்கிறேன். பில், வவுச்சர், சம்பளப் பட்டியல், வாரா வாரம் தயாரிப்பாளர் மேஜைக்குப் போகிற செலவு அறிக்கை, இவைதான் என் வேலை. கதை விவாதம் நடக்கிற அறைக்குள் எனக்கு வேலை இல்லை; அங்கே நடப்பதைப் பற்றி நான் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும். பணம் எந்த வழியாக வந்தது, யார் கையெழுத்துப் போட்டார், டைட்டிலில் யார் பெயர் எந்த வேலைக்கு நேராக வந்தது, இவற்றை வைத்து மட்டும் பேசுகிறேன். சட்டம் வருகிற இடங்களில் நான் சொல்வது வேலையில் பார்த்துத் தெரிந்துகொண்டது. கையெழுத்துப் போடும் முன் சினிமா ஒப்பந்தம் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நீங்கள் கேள்விப்பட்ட இரட்டையர்களைப் பெரும்பாலும் இயக்குநர்களாகத்தான் உலகம் அறியும். தயாரிப்பாளர் என்ற பெயர் அவர்களுக்குச் சில படங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அது ஏன் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். நம் ஊர்ப் பேச்சில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஆஸ்திரேலியாவில் தயாரிப்பாளர் பெரும்பாலும் சொந்தப் பணம் போடுவதில்லை. அரசு அமைப்பு, மாநில நிதி, விநியோகஸ்தர், வெளிநாட்டு விற்பனை முகவர், கடன் கொடுப்பவர் என்று ஐந்தாறு இடங்களில் துண்டு துண்டாகப் பணம் திரட்டி, அத்தனை பேரிடமும் கையெழுத்துப் போட்டு, சொன்ன தேதியில் சொன்ன செலவில் படத்தை ஒப்படைக்கிறேன் என்று பொறுப்பேற்கிறவர்தான் இங்கே தயாரிப்பாளர்.

உங்கள் ஊர்க்காரர்களிடமிருந்தே தொடங்குகிறேன். மைக்கேல் ஸ்பீரிக், பீட்டர் ஸ்பீரிக் இருவரும் 1976-இல் ஜெர்மனியில் பிறந்து பிரிஸ்பேனில் வளர்ந்த இரட்டையர். 2003-இல் வந்த அவர்களுடைய முதல் முழுநீளப் படம் 'அன்டெட்'. ஆஸ்திரேலியாவின் ஒரு மீன்பிடிச் சிற்றூரில் செத்தவர்கள் எழுந்து வருகிற கதை. எழுத்து, இயக்கம், தயாரிப்பு மூன்றும் அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. பணம் சொந்தச் சேமிப்பிலிருந்தும் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் இருந்து வந்தது. படத்தின் கணினி வரைகலைக் காட்சிகளை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லாததால், வீட்டுக் கணினியில் உட்கார்ந்து தாங்களே செய்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு காட்சியில் பத்துப் பேர் தலைக்கு மேல் வானம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் ஷாட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பில் வரும். திருத்தம் கேட்டால் அதற்குத் தனி பில். வீட்டில் இருவர் உட்கார்ந்து செய்தால் பில்லே வராது, நாள்கள்தான் போகும். ஒருவர் தூங்கப் போகும்போது இன்னொருவர் மவுஸைப் பிடிக்கலாம். இருவருக்கும் ஒரே வீட்டு வாடகை, ஒரே சாப்பாட்டுச் செலவு, ஒரே கடன். நண்பர்கள் இருவர் சேர்ந்து இப்படித் தொடங்கினால், இரண்டாவது வருடத்தில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகும், அல்லது ஒருவருக்கு நிரந்தர வேலை கிடைக்கும். படம் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றுபோன படங்களின் கணக்கை மூடிக் கொடுக்க என்னையே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் அந்த இழுப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்க முடிகிறது. முதல் படத்தில் இரட்டையர்களுக்கு இருக்கிற பலம் இதுதான் என்பது என் கணிப்பு. சம்பளம் கேட்காத இரண்டு ஆள்கள், பங்கு பிரிக்காத ஒரே பை.

இரண்டாவது படத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். 'டேபிரேக்கர்ஸ்' பெரிய படம். ஈதன் ஹாக், வில்லெம் டஃபோ, சாம் நீல் நடித்தார்கள். படப்பிடிப்பு குவீன்ஸ்லாந்தில்தான் நடந்தது. 2009-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். எழுத்தும் இயக்கமும் ஸ்பீரிக் சகோதரர்கள். தயாரிப்பாளர் பெயர்கள் மட்டும் வேறு: கிறிஸ் பிரவுன், பிரையன் ஃபர்ஸ்ட், ஷான் ஃபர்ஸ்ட். முதல் படத்தைக் கைக்காசில் எடுத்த அதே இரட்டையர்கள், வெளிநாட்டு நட்சத்திரங்களும் வெளிநாட்டுப் பணமும் வந்த படத்தில் தயாரிப்பாளர் இடத்தில் இல்லை. இது பதிவில் இருக்கிற உண்மை. அதற்கான காரணமாக நான் சொல்லப்போவது என் அனுபவத்திலிருந்து வருவது: மற்றவர் பணம் பெரிய அளவில் உள்ளே வந்ததும், அந்தப் பணத்துக்குப் பதில் சொல்ல, இயக்குநரிடம் 'இந்தக் காட்சிக்கு இன்று இவ்வளவுதான்' என்று சொல்ல, இயக்குநர் அல்லாத ஓர் ஆள் வேண்டும் என்று பணம் போடுகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். இரட்டையர்களில் ஒருவர் இயக்கி, மற்றவர் அந்தக் காவல் வேலையைப் பார்ப்பார் என்று சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே காவல்காரனையும் வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

'ப்ரீடெஸ்டினேஷன்' படத்தில் அவர்கள் தயாரிப்பாளர் நாற்காலிக்குத் திரும்பினார்கள். மெல்பர்னில் எடுத்த படம். 2014-இல் மெல்பர்ன் சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கி வைத்ததும் அந்தப் படம்தான். ராபர்ட் ஹைன்லைனின் 1959-ஆம் வருடச் சிறுகதையை வைத்து இருவரும் திரைக்கதை எழுதினார்கள். இசை பீட்டர் ஸ்பீரிக்! இருவர் சேர்ந்தே செய்கிறார்கள் என்று பொதுவாகச் சொன்னாலும், ஒரு குறிப்பிட்ட கைவேலை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதை இங்கே பார்க்கலாம். தயாரிப்பாளர் பட்டியலில் அவர்கள் இருவருடன் பேடி மெக்டொனால்ட், டிம் மெகேகன் பெயர்களும் உண்டு. நாயகி சாரா ஸ்னூக்குக்கும், ஒளிப்பதிவாளர் பென் நாட்டுக்கும், படத்தொகுப்பாளர் மாட் வில்லாவுக்கும் ஆஸ்திரேலிய அகாடமி விருது கிடைத்தது. பென் நாட் 'டேபிரேக்கர்ஸ்' படத்துக்கும் ஒளிப்பதிவாளர். 2018-இல் ஹெலன் மிரன் நடித்த 'வின்செஸ்டர்' படத்துக்கும் அவரே. இடையில் 2017-இல் கனடாவில் எடுத்த 'ஜிக்சா', 'சா' (Saw) என்ற திகில் பட வரிசையில் ஒன்று; அதற்கு ஸ்பீரிக் சகோதரர்கள் இயக்குநர்கள் மட்டும். அந்தப் பட வரிசையின் பழைய தயாரிப்பாளர்களே அதையும் தயாரித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இருவரும் பிரியாமல் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் உட்காரும் நாற்காலி படத்துக்குப் படம் மாறுகிறது.

அடுத்து அடிலெய்டு. டேனி பிலிப்பூ, மைக்கேல் பிலிப்பூ 1992-இல் பிறந்த இரட்டையர். 'ராக்காராக்கா' என்ற யூடியூப் சேனலில் சண்டையும் ரத்தமுமாகக் குறும்படங்கள் போட்டுப் பல லட்சம் பேரைச் சேர்த்தார்கள். எழுதுவது, நடிப்பது, சண்டை போடுவது, எடிட் செய்வது, ஏற்றுவது எல்லாம் அவர்களும் நண்பர்களும்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது விளையாட்டு மாதிரித் தெரியும். கணக்காளர் கண்ணுக்கு அது பல வருடம் நடந்த ஒரு தயாரிப்பு நிறுவனம். அந்தச் சமயத்திலேயே அடிலெய்டில் எடுத்த 'தி பாபடூக்' படத்தில் இருவரும் யூனிட்டில் கீழ்மட்ட வேலை பார்த்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் கிறிஸ்டினா சேட்டன். பிறகு பிலிப்பூ சகோதரர்களின் முதல் படமான 'டாக் டு மீ'யைத் தயாரித்தவர்கள் அதே கிறிஸ்டினா சேட்டனும், அவருடைய காஸ்வே ஃபிலிம்ஸ் கூட்டாளி சமந்தா ஜென்னிங்ஸும்.

'டாக் டு மீ' 2022 அக்டோபரில் அடிலெய்டு திரைப்பட விழாவில் முதலில் திரையேறியது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. அமெரிக்க உரிமையை ஏ24 நிறுவனம் வாங்கியது. சுமார் 45 லட்சம் அமெரிக்க டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படத்துக்கு ஸ்கிரீன் ஆஸ்திரேலியா (மத்திய அரசின் திரைப்பட நிதி அமைப்பு), தெற்கு ஆஸ்திரேலியத் திரைப்படக் கழகம், அடிலெய்டு திரைப்பட விழா ஆகியவற்றின் நிதி உண்டு. 2024-இல் ஆஸ்திரேலிய அகாடமியின் சிறந்த படம், சிறந்த இயக்கம் இரண்டும் அதற்கே. இப்போது டைட்டிலைப் பாருங்கள். இயக்கம்: இருவரும். திரைக்கதை: டேனி பிலிப்பூ, பில் ஹின்ஸ்மன். மூலக் கருத்து: டேலி பியர்சன். மைக்கேலின் பெயர் திரைக்கதையில் இல்லை. எழுதியவருக்கு எழுத்து, சேர்ந்து செய்ததற்கு இருவர் பெயர் என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். 2025-இல் வந்த 'பிரிங் ஹர் பேக்' படத்திலும் அதே அமைப்பு, தயாரிப்பும் அதே இரு பெண்கள்.

இதுவரை சொன்ன பெயர்களும் தேதிகளும் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளக்கூடியவை. இதிலிருந்து நான் எடுக்கிற முடிவு என்னுடையது, அதை நீங்கள் ஏற்காமலும் போகலாம். இரட்டையராக இருப்பது முதல் படத்தை எடுக்க வைக்கிறது. அதற்குப் பிறகு அவர்களை நிற்க வைப்பது மூன்றாவது ஆள். ஸ்பீரிக் சகோதரர்களுக்கு மெக்டொனால்டும் மெகேகனும், பிலிப்பூ சகோதரர்களுக்குச் சேட்டனும் ஜென்னிங்ஸும். இருவரும் ஒரே பக்கம் சாயும்போது மறுபக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும். இருவரும் எதிரெதிராக நிற்கும்போது நடுவில் நிற்கவும் ஒருவர் வேண்டும். இரட்டையர்கள் 'ஒரே மனசோடு' யோசிக்கிறார்கள் என்று பேட்டிகளில் படிப்பீர்கள். அதை எடைபோட என்னிடம் தராசு இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: மற்றவர்கள் பத்து வாக்கியம் பேசுகிற இடத்தில் அவர்கள் அரை வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். அது படப்பிடிப்பில் பெரிய மிச்சம். அதே காரணத்தால்தான் பக்கத்தில் நிற்கிற நாற்பது பேருக்கும் என்ன முடிவானது என்று தெரியாமல் போகிறது.

இதற்கு நான் நேரில் பட்ட ஒரு சம்பவம். பெயர் வேண்டாம். சில வருடம் முன்பு விக்டோரியாவின் ஒரு சின்ன ஊரில் டிவி தொடர் ஒன்று எடுத்தார்கள். தயாரிப்பாளர்கள் இரட்டையர், முகம் மட்டுமல்ல, போனில் குரலும் ஒன்றாக இருக்கும். புதன்கிழமை இரவு மழைக் காட்சி. அதற்குத் தண்ணீர் லாரி ஒன்றும், மழைக் கம்பங்களோடு இரண்டு ஆள்களும் வாடகைக்கு வர வேண்டும். காலைச் சாப்பாட்டின்போது ஒருவர் நடிகையின் உடல்நிலையைப் பார்த்து, 'மழையை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள்' என்று ப்ரொடக்ஷன் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். அதே அரை மணி நேரத்தில் மற்றவர் காரில் போய்க்கொண்டே லாரிக்காரருக்குப் போன் போட்டு, 'புதன் உறுதி' என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் கூப்பிட்டபோது லாரிக்காரர், 'இப்போதுதானே நீங்கள் உறுதி என்று சொன்னீர்கள்' என்றார். மேனேஜர் அது பழைய பேச்சு என்று நினைத்துவிட்டார். புதன் மாலை 5 மணிக்கு லாரி வந்து நின்றது, காட்சி இல்லை. வியாழன் காட்சி இருந்தது. லாரி வேறு வேலைக்குப் போய்விட்டது. வேறொரு ஊரிலிருந்து இரட்டை வாடகைக்கு இன்னொரு லாரி வந்தது.

இரண்டு பில்லும் வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்தன. இரண்டிலும் ஒப்புதல் கையெழுத்து இருந்தது. முழுக் கையெழுத்து இல்லை, இரண்டே எழுத்து. இருவருடைய முதல் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். குடும்பப் பெயர் எப்படியும் ஒன்று. சாய்வு, சுழி எல்லாம் அப்படியே ஒன்றாக இருந்தது. எதை யார் ஒப்புக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் காகிதத்தை வைத்து ஒரு நிறுவனத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் நான். இருவரையும் உட்கார வைத்து அன்று ஒன்று கேட்டேன்: இனி முதல் பெயரை முழுதாக எழுதுங்கள், ஆளும் இடமும் வண்டியும் ஒருவர் பொறுப்பு, நடிகரும் எடிட்டிங்கும் இன்னொருவர் பொறுப்பு, மற்றவர் துறைக்கு ஒருவர் போனே போடக்கூடாது. மூத்தவர் முகம் சிவந்துவிட்டது. 'என் தம்பிக்கும் எனக்கும் நடுவில் கோடு போடுகிறீர்களா' என்று கேட்டார். வேண்டுமென்று கேட்டதில்லை, மனசு வலித்துக் கேட்டதுதான். எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கோடு இருந்தது. மிச்ச ஏழு வாரமும் இரட்டை பில் வரவில்லை.

பணப் பக்கம் வருகிறேன், இதில் இரட்டையர்கள் தவறாமல் தடுக்கி விழுகிற ஓர் இடம் இருக்கிறது. 2007 முதல் இங்கே தயாரிப்பாளருக்கான வரிச் சலுகை ஒன்று உண்டு. தியேட்டரில் வெளியிட எடுக்கிற படத்துக்கு, ஆஸ்திரேலியாவில் செலவழித்த தகுதியான தொகையில் 40 சதவீதம் திரும்பக் கிடைக்கும்; டிவி, ஸ்ட்ரீமிங் வகைக்கு முதலில் 20 சதவீதமாக இருந்தது, 2021 ஜூலை முதல் 30. முழுநீளப் படம் என்றால் அந்தத் தகுதியான செலவு குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இருக்க வேண்டும். ஸ்கிரீன் ஆஸ்திரேலியா சான்றிதழ் கொடுக்கும். படம் முடிந்து, இறுதிச் சான்றிதழ் வாங்கி, கம்பெனி வரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் பணம் வரும். 20 லட்சம் டாலர் தகுதியான செலவு என்றால் 8 லட்சம் திரும்ப வரும். ஆனால் படப்பிடிப்பு நடக்கும்போது அந்த 8 லட்சம் கையில் இருக்காது. அதை அடமானமாக வைத்துக் கடன் வாங்கி, வட்டி கட்டித்தான் எடுப்பார்கள்.

இதில் இரட்டையர்களுக்கு என்ன தடுக்கல் என்கிறீர்களா? சலுகை செலவுக்குத்தான், உழைப்புக்கு இல்லை. உங்கள் தம்பி ஆறு மாதம் இரவும் பகலும் உட்கார்ந்து சம்பளம் வாங்காமல் எடிட் செய்தால், அது புத்தகத்தில் பூஜ்யம். அந்த வேலைக்கு ஒருவருக்கு 60,000 டாலர் கொடுத்திருந்தால் 24,000 திரும்ப வந்திருக்கும். கொடுக்காததற்கு எதுவும் வராது. ஸ்பீரிக் சகோதரர்கள் முதல் படம் எடுத்தபோது இந்தச் சலுகை கிடையாது, அவர்கள் வழி அவர்களுக்குச் சரி. இன்று அதே வழியில் போகிறவர்கள் தங்கள் பெரிய சொத்தான இலவச உழைப்பை, அரசு கணக்கில் எடுக்காத இடத்தில் போய்க் கொட்டுகிறார்கள். அதனால் பட்ஜெட் போடும்போதே உங்கள் இருவர் சம்பளத்தையும் சந்தை நிலவரப்படி எழுதி, உண்மையாகவே கொடுக்கிற மாதிரி திட்டமிடுங்கள். எழுதிவிட்டுக் கொடுக்காமல் விடுவது தவறு. பேப்பரில் மட்டும் இருக்கிற சம்பளத்தைச் செலவாகக் காட்ட முடியாது.

கம்பெனி விஷயம். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கம்பெனி தொடங்குவதுதான் வழக்கம், ஒரு படத்தின் கடன் அடுத்த படத்தின் மேல் ஏறக்கூடாது என்பதற்காக. 2001-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 127-ஆவது பிரிவுப்படி இரண்டு இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டால் ஆவணம் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். (இங்கே இயக்குநர் என்றால் கம்பெனி இயக்குநர், படத்தின் இயக்குநர் இல்லை.) நீங்கள் இருவர், கையெழுத்தும் இரண்டு, வசதியாகத்தான் தெரியும். ஆபத்து பங்கில் இருக்கிறது. ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு, ஒரு விஷயத்தில் ஒத்துவராமல் போனால் கம்பெனியால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அது முற்றினால் நீதிமன்றம் வரை போய்க் கம்பெனியையே மூட வேண்டிவரும். கம்பெனி தொடங்குகிற அன்றே பங்குதாரர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இருவருக்கும் ஒத்துவராவிட்டால் யார் சொல்வது கடைசி, எந்த விஷயத்தில் யார், அல்லது எந்த வெளியாள். அம்மா அப்பாவை அந்த வெளியாளாகப் போடாதீர்கள். அவர்களைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்துவது அவர்களுக்குச் செய்கிற கொடுமை.

கதையை உங்கள் தம்பி எழுதுகிறார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படியானால் இன்னொரு காகிதம் வேண்டும். எழுதிய கதையின் உரிமை எழுதியவருக்கே சொந்தம். அது கம்பெனிக்கு மாற வேண்டுமானால் 1968-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக்கொடுக்க வேண்டும். 'கூடப் பிறந்தவன்தானே' என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். பணம் கொடுக்கிற எந்த அமைப்பும், கடன் கொடுக்கிற எவரும் முதலில் கேட்பது கதை யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று காட்டுகிற உரிமைச் சங்கிலியைத்தான். ஒரு கண்ணி இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

டைட்டிலில் பெயர் எப்படி வருவது என்று கேட்டீர்கள். இரண்டு வழியும் கண்முன்னே இருக்கிறது. ஸ்பீரிக் சகோதரர்கள் பெரும்பாலும் 'தி ஸ்பீரிக் பிரதர்ஸ்' என்று ஒரே பெயராகப் போட்டுக்கொள்கிறார்கள். பிலிப்பூ சகோதரர்கள் தனித்தனிப் பெயராக. அமெரிக்க இயக்குநர் சங்கம் ஒரு படத்துக்கு ஓர் இயக்குநர் பெயர் என்பதில் கறாராக இருக்கும். உண்மையான ஜோடி என்று ஏற்றுக்கொண்டால் மட்டும் விலக்கு. அமெரிக்காவின் கோயன் சகோதரர்கள் (ஜோயல், ஈதன்) இரட்டையர் இல்லை, ஆனால் சேர்ந்தே இயக்கியவர்கள். 2004-க்கு முன் அவர்கள் படங்களில் இயக்கம் என்ற இடத்தில் ஜோயல் பெயர் மட்டும், தயாரிப்பில் ஈதன் பெயர் என்றுதான் வந்தது. இயக்குநர், தயாரிப்பாளர் என்ற இரு நாற்காலியை இருவருக்குப் பிரித்துக் கொடுப்பது எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு என்பதற்கும், அது உள்ளே நடப்பதைச் சரியாகக் காட்டாது என்பதற்கும் அதுவே நல்ல உதாரணம். உங்களுக்கு நான் சொல்வது தனித்தனிப் பெயர். ஒரே பெயராகப் போட்டால் ஒரு நாள் ஒருவர் மட்டும் ஒரு வேலைக்குப் போக விரும்பும்போது, அவருக்கென்று காட்ட ஒரு படமும் இருக்காது.

எதிலிருந்து தொடங்குவது, படமா தொடரா என்று கேட்டால், இரட்டையர்களுக்குத் தொடர்தான் பொருத்தம் என்பேன். இதில் என்னோடு வேலை பார்க்கிறவர்களே சிலர் மாறுபடுவார்கள். படத்தில் ஒரே நேரத்தில் முக்கியமான முடிவு ஒரே இடத்தில்தான் நடக்கும். இருவரும் அங்கேயே நிற்பார்கள், முட்டிக்கொள்வார்கள். தொடரில் முதல் பகுதி எடிட்டிங்கில் இருக்கும்போது மூன்றாவது பகுதி படப்பிடிப்பில் இருக்கும், ஐந்தாவது பகுதிக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறுப்பான தயாரிப்பாளர் ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய வேலை அது. சாதாரணமாக அதற்கு இன்னொருவரை நியமித்து, பழக்கி, நம்பிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்த ஆள் பிறந்ததிலிருந்தே பக்கத்தில் இருக்கிறார்.

சண்டை வருமா என்றால், வரும். நான் சொன்ன அந்த இருவரும் வெள்ளிக்கிழமை செலவு அறிக்கை பார்க்கும்போது என் அறையிலேயே கத்திக்கொண்டதுண்டு. அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கத்தி முடித்ததும் இருவரும் வெளியே போய் வண்டி நிறுத்துகிற இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். ஜன்னல் வழியாகத் தெரியும். முதல் சுற்றில் தள்ளித் தள்ளி நடப்பார்கள், இரண்டாவது சுற்றில் தோள் ஒட்டியிருக்கும். திரும்பி வந்து முடிவை ஒருவர் மட்டும் சொல்வார், எந்தத் துறையின் விஷயமோ அந்தத் துறைக்காரர். மற்றவர் அதன்மேல் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். யூனிட் அதைத்தான் கேட்டு நடந்தது.

இந்த வாரம் நீங்களும் தம்பியும் தனித்தனியாக உட்கார்ந்து, அவரவர் கடைசி வார்த்தை சொல்ல விரும்புகிற விஷயங்களை எழுதுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க வேண்டாம். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வருகிற விஷயங்கள்தான் வக்கீலிடம் கொண்டுபோக வேண்டியவை. விருப்பம் இருந்தால் பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயே போடுங்கள். கணக்குப் பக்கத்தில் எங்கே இடிக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.